ஊருக்கு ஹெட்போனோடு வருகிறவர்களுக்கு: கோவைப் பக்கம் எந்த வேலைக்கு எந்தக் கடை

கோவையில் இறங்கி "ஹெட்போன் சர்வீஸ் எங்கே பண்ணுவாங்க?" என்று கேட்டால் நேராகச் செல்போன் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். அங்கே ஹெட்போன் என்றால் போனோடு வரும் வயர். சென்ஹைசர் எச்டி 650 மாதிரி பெரிய ஹெட்போனை எடுத்து மேசைமேல் வைத்தால் "புதுசே வாங்கிக்கலாமேங்க" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, கேட்ட கேள்விதான் தப்பு. வேலையைப் பிரித்துக் கேட்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் வேலையா, மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் போங்கள். காது பேடா, கார் சீட் கவர் தைக்கிறவர். பிளக்கும் கேபிளுமா, செல்போன் போர்டு பார்க்கும் பையன். டிரைவரை (உள்ளே சத்தம் எழுப்பும் ஸ்பீக்கரை) மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். இப்படிப் பிரித்துவிட்டால் கொங்குப் பக்கம் ஆகாத வேலை அதிகமில்லை.

முதலில் கரண்ட். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹெட்போனை ஓட்டும் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையரின்) பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கில் சொருகாதீர்கள். "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்றிருந்தால் கவலையே இல்லை. கம்ப்யூட்டர் கடையில் மூணு பின் பவர் கார்டு ஒன்று வாங்கினால் முடிந்தது. ஏர்போர்ட்டில் விற்கும் யுனிவர்சல் அடாப்டரை நம்ப வேண்டாம், பெரும்பாலானதில் எர்த் பின் பெயருக்குத்தான் இருக்கும். பின்பக்கம் 115/230 சுவிட்ச் இருந்தால் 230-க்குத் தள்ளிவிட்டு, ஃப்யூஸையும் மாற்றுங்கள். வோல்டேஜ் இரட்டிப்பானால் இழுக்கும் ஆம்பியர் பாதியாகும். 500 மில்லிஆம்ப் ஸ்லோ ப்ளோ (மெதுவாக உருகும்) ஃப்யூஸ் இருந்த இடத்தில் 250 போட வேண்டும். சுவிட்சை மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் பழுது வரும் நாளில் ஃப்யூஸ் போவதற்கு முன்னால் டிரான்ஸ்பார்மர் போகும்.

"120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் எழுதிய அமெரிக்க ஆம்ப்தான் சிக்கல். இதை 230-ல் மாட்டினால் டிரான்ஸ்பார்மரின் இரும்புக் கோர் காந்தத்தால் நிரம்பி, பிரைமரி (கரண்ட் உள்ளே வரும் சுற்று) தாறுமாறாகக் கரண்ட் இழுக்கும். ஃப்யூஸ் போனால் அதிர்ஷ்டம். போகாவிட்டால் உள்ளே எல்லா வோல்டேஜும் இரண்டு மடங்காகி, 25 வோல்ட் கப்பாசிட்டர்கள் வெடித்து, மீன் நாற்றம்போல ஒரு வாடை வரும்.

இதற்குத்தான் காயில் கட்டும் கடை. 1937-ல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் எனாமல் வயர் சுற்றுகிறவர் இருப்பார். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் என்று போர்வெல் மோட்டார் ஓடும் ஊரில் எல்லாம் ஒருவர் உண்டு. ஆனால் போய் "ஸ்டெப் டவுன் வேணும்" என்று மட்டும் சொன்னால் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். செம்பு குறைவு, விலை குறைவு. ஆனால் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே சுற்று. நியூட்ரல் கழன்றால் முழு 230-ம் ஆம்ப்புக்குப் போய்விடும். ஆகவே கேட்பது இப்படி இருக்கட்டும் (செகண்டரி என்றால் வெளியே போகும் சுற்று, டேப் என்றால் அதில் ஒவ்வொரு வோல்டேஜுக்கும் எடுக்கும் முனை, விஏ என்றால் தாங்கும் லோடு):

"அண்ணா, ஆட்டோ வேண்டாமுங்க. பிரைமரி, செகண்டரி தனித்தனியா, நடுவுல நல்ல இன்சுலேஷன் பேப்பர். பிரைமரி 230. செகண்டரியில 100, 110, 120 மூணு டேப். நூறு விஏ போதுமுங்க."

"எதுக்குங்க தம்பி, மிக்ஸிக்கா?"

"பாட்டுப் பெட்டிக்குங்க. கோர் உறுமக் கூடாது."

உறுமக் கூடாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் கடையில் உறுமல் ஒரு குறையே அல்ல. சிஆர்ஜிஓ ஸ்டாம்பிங் (டிரான்ஸ்பார்மருக்கென்றே வரும் சிலிக்கான் எஃகுத் தகடு) போட்டு, இறுக்கி அடுக்கி, வார்னிஷில் முக்கிச் சூட்டில் காயவைத்தால் சத்தம் அடங்கும். அவசரப்பட்டு வார்னிஷ் ஈரமாக இருக்கும்போதே வாங்கி வந்தால் இரண்டு நாளில் தகடு தளர்ந்து கொர்ரென்று இழுக்கும். கூலி பெரும்பாலும் செம்பின் எடையை வைத்துத்தான். பேரம் பேசினால் வயர் கேஜ் குறையும், சூடு கூடும். பேசாமல் இருப்பது நல்லது.

மூன்று டேப் எதற்கு என்று கேட்பார். கோரில் ஏறும் காந்தப்புலம் வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்த கணக்கு. அமெரிக்காவில் 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. இங்கே 120-ஐ 50-ஆல் வகுத்தால் 2.4, ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். சிக்கனமாகச் செய்த டிரான்ஸ்பார்மர் அதில் சூடாகும், உறுமும். நூறு வோல்ட் கொடுத்தால் பழைய 2 கிடைக்கும். ஆனால் உள்ளே ரெகுலேட்டருக்கு வோல்டேஜ் போதாமல் ஹெட்போனில் ஹம் (உறுமல்) வரலாம். முதலில் 110-ல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் 100-க்கு இறங்குங்கள். அந்த 100 டேப் ஜப்பானில் வாங்கிய ஸ்டாக்ஸ் டிரைவர் யூனிட்டுக்கும் (ஸ்டாக்ஸ் ஹெட்போனை ஓட்டும் ஆம்ப்புக்கும்) ஆகும். அதன் மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். ஹெட்போனுக்குப் போகும் ப்ரோ பயஸ் வோல்டேஜே 580.

வாங்கும்போது அங்கேயே சீரிஸ் லாம்ப் போர்டில் (குண்டு பல்பைத் தொடரில் கோத்த சோதனைப் பலகையில்) போடச் சொல்லுங்கள். லோடு இல்லாமல் குண்டு பல்பு லேசாக மினுங்கினால் சரி, பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். பிறகு மீட்டரை வைத்துப் பாருங்கள்: லோடு இல்லாதபோது 110 டேப்பில் 115, 118 காட்டினால் பயப்பட வேண்டாம், லோடு ஏறினால் இறங்கும். 230 பக்கம் ஒரு ஃப்யூஸ் ஹோல்டர், 630 மில்லிஆம்ப் ஸ்லோ ப்ளோ. வீட்டில் ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே வைக்காமல் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் அதன் காந்தப்புலமே ஹம்மாகக் கேட்கும்.

மேக்னி, ஜேடிஎஸ் ஆட்டம் மாதிரி ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம், ஏமாறவும் சுலபம். அவற்றின் அடாப்டர் டிசி அல்ல, 15 வோல்ட் அளவில் ஏசி. கடையில் சிசிடிவி கேமராவுக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் டிசி அடாப்டரை "இதே முனைதானுங்க" என்று எடுத்துக் கொடுப்பார்கள். முனை பொருந்தும், ஆம்ப் வேலை செய்யாது. ஏசியின் இரண்டு பாதியையும் பிரித்துத்தான் அது உள்ளே பிளஸ் சப்ளை, மைனஸ் சப்ளை இரண்டையும் உண்டாக்குகிறது. டிசியில் ஒன்றுதான் கிடைக்கும். காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர்ஸ் கடையில் "15-0-15, 2 ஆம்ப்" டிரான்ஸ்பார்மர் என்று கேளுங்கள். நடு வயரையும் ஒரு ஓர வயரையும் எடுத்தால் 15 வோல்ட் ஏசி. மற்ற ஓர வயரை டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துவிடலாம்.

தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) தங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பக்கத்துக் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் வோல்டேஜ் இறங்கும். நடுராத்திரியில் எல்லா மோட்டாரும் நின்றபின் 250-க்கு மேலேகூட ஏறும். வால்வ் ஆம்ப் கொண்டு வந்திருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டும். ரிலே வைத்தது டக் டக்கென்று மாறும், அந்தச் சத்தம் காதில் விழும். எர்த்தையும் சோதியுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வருவது, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வருவதை ஒட்டி இருக்க வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட்டுக்குள். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துவிடும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே ஹம் குறைவதுண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்றால், சைன் வேவா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்பார்மர் கதறும். அன்றைக்கு ஒரு நாள் டாங்கிளில் (போனில் சொருகி ஹெட்போன் மாட்டும் சின்ன அடாப்டரில்) கேட்டுக்கொள்ளலாம்.

டாங்கிள் போதுமா என்பது ஓமை (ஹெட்போன் கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பை) மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. எச்டி 650 முன்னூறு ஓம் என்று பயமுறுத்துவார்கள். அது 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும்; உச்சத்தில் 110 டெசிபல் எட்ட 2.2 வோல்ட், 17 மில்லிவாட் போதும். ஹைஃபைமேன் சுஸ்வாரா 60 ஓம்தான். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். அதே 110-க்கு அரை வாட், ஐந்தரை வோல்ட், 90 மில்லிஆம்பியர் வேண்டும். முதலதை டாங்கிளில் சுமாராகக் கேட்டுவிடலாம், இரண்டாவதை ஊருக்கே கொண்டு வராமல் இருப்பது நல்லது. ஆப்பிள் டாங்கிளில் ஐரோப்பாவில் விற்பது அரை வோல்ட்தான் தரும், அமெரிக்காவில் விற்பது 1 வோல்ட். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்கவும்.

இனி பேடு. பியு லெதர் பேடு தானாகவே உரியும். ஈரமும் வேர்வையும் பாலியூரித்தேனை உடைக்கின்றன. அதோடு நம் ஊர் விருந்தோம்பலில் தேங்காய் எண்ணெய் சேரும். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு ஹெட்போன் மாட்டினால் பேடின் மேல்தோல் சீக்கிரமே பிசுபிசுத்துக் கெட்டியாகும். வெல்வெட் பேடு என்றால் கழற்றி, பச்சைத் தண்ணீரில் துளி ஷாம்பு போட்டு அலசி, முறுக்காமல் துண்டுக்குள் வைத்து அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள். தோல் பேடை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட் படக் கூடாது.

உரிந்த பேடுக்குக் காது அளவு பழையதையே மாதிரியாகக் கொடுத்துத் தைக்கலாம். ஹெட்போனைக் கொடுக்க வேண்டாம், பேடு மட்டும். எச்டி 600, 650-ல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் கழன்றுவரும். பேயர்டைனமிக்கில் பேடின் உதடு வரப்புக்குள் மாட்டியிருக்கும், சுற்றி இழுத்து எடுக்க வேண்டும். ஆடிஸி எல்சிடி வகையில் பசையால் ஒட்டியது. ஒரு ஓரத்தில் விரலை விட்டு மெல்ல உரிக்க வேண்டும், கத்தி வேண்டாம். சீட் கவர் கடையில் ரெக்சினை எடுத்து நீட்டுவார்கள், அது மடங்காது. காதைச் சுற்றி அடைப்புச் சரியாக விழாவிட்டால் பேஸ் ஓடிவிடும். மெல்லிய ஆட்டுத்தோல் கேளுங்கள். ஈரோட்டில் தோல் பதனிடுகிற தொழில் இருப்பதால் துண்டுத் தோல் அந்தப் பக்கம் கிடைக்கும். துணிப் பேடு வேண்டுமென்றால் திருப்பூர் காதர்பேட்டையில் வெல்வெட்டும் ஜெர்ஸியும் வெட்டுத்துண்டாகவே வாங்கலாம். உள்ளே ஸ்பாஞ்ச் சீட்டுக்குப் போடும் கெட்டி ரகம் ஆகாது, அமுக்கினால் மெல்ல எழும் மெமரி ஃபோம் தேவை. உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து சொல்லுங்கள். முன்புறம் தாழ்ந்து பின்புறம் உயர்ந்த பேடு என்றால் இரண்டு அளவும். ஐந்து மில்லிமீட்டர் கூடினாலே டிரைவர் காதைவிட்டு விலகி, சத்தத்தின் குணமே மாறிவிடும். தீபாவளிக்கு முந்தைய மாதம் தையல்காரர் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கேபிள் வேலையில் தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சை, செம்பு நிற இழைகள் வெறும் செம்பல்ல, எனாமல் பூசியவை. அப்படியே சால்டர் வைத்தால் ஒட்டினமாதிரி தெரியும், கன்டினியூட்டி வராது. சால்டரிங் அயர்னை 380, 400 டிகிரிக்கு ஏற்றி, முனையில் ஈயத்தைக் குமிழாக நிறுத்தி, இழையை அதற்குள் விட்டு எடுத்தால் பூச்சு எரிந்து வெள்ளி நிறமாக ஈயம் பிடிக்கும். 60/40 ஈயம், ரோசின் ஃப்ளக்ஸ். தகர வேலைக்குப் பயன்படும் ஆசிட் ஃப்ளக்ஸ் தொடவே கூடாது. பிளக்கின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவையும் முதலிலேயே வயரில் கோத்துவிடச் சொல்லுங்கள், கைதேர்ந்தவர்களே மறப்பது இதைத்தான். 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் நுனி இடது, வளையம் வலது, அடி கிரவுண்டு. 4.4 பேலன்ஸ்டு பிளக்கில் (இரண்டு பக்கத்துக்கும் மைனஸ் தனித்தனி) நுனியிலிருந்து வரிசையாக இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ். பேலன்ஸ்டு ஆம்ப்பில் இரண்டு மைனஸையும் சேர்த்துக் கட்டி 6.3 பிளக் போட்டுத் தரச் சொல்லிவிடாதீர்கள், ஆம்ப் போய்விடும். முடிந்ததும் ஹெட்போனை மாட்டி, பிளக்கில் மீட்டரை வைத்து இரண்டு பக்கமும் ஒரே ஓம் காட்டுகிறதா பாருங்கள். எச்டி 650-ன் இரண்டு பின்னில் ஒன்று தடி, ஒன்று மெலிது. மாற்றிச் சொருகி அழுத்தினால் சாக்கெட் விண்டுவிடும். பாட்டில் குரல் நடுவில் நிற்காமல் சிதறினால் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

கடையில் பார்த்த உடனே கை நீட்டித் தடுக்க வேண்டிய பொருள் இரண்டு. ஒன்று ப்ளோவர்; எதைக் கொடுத்தாலும் முதலில் காற்றடித்துத் தூசி தட்டுவார்கள், அந்த அழுத்தத்தில் டயாஃப்ரம் (டிரைவரில் அதிரும் மெல்லிய படலம்) மடங்கிவிடும். மற்றது தின்னர், பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தலைமுடி ஒன்று உள்ளே விழுந்து டயாஃப்ரத்தில் உரசினால் கிர்ரென்று சத்தம் வரும். டிரைவர் போச்சு என்பார்கள். பேடைக் கழற்றி, கவிழ்த்துப் பிடித்து, ட்வீசரால் முடியை எடுத்தாலே போதும்.

பிளானர் ஹெட்போனை (சுஸ்வாரா, எல்சிடி மாதிரி) லேத் பட்டறை மேசையில் வைக்கவே வேண்டாம். உள்ளே பலமான காந்தம். இரும்புத் தூள் ஏறினால் எடுக்கவே முடியாது. பல்லடம், சோமனூர் தறிப் பக்கம் பறக்கும் பஞ்சு ஓப்பன் பேக் (பின்பக்கம் திறந்த) ஹெட்போனின் வலையில் படியும், கேட்காத நேரத்தில் துணிப்பை போட்டு மூடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும்போது பொள்ளாச்சியில் ஈரம் அதிகம். மூடிய டப்பாவில் நீல சிலிக்கா ஜெல் வைத்து, அது இளஞ்சிவப்பானதும் வாணலியில் மெதுவான சூட்டில் வறுத்து நீலமாக்கிக்கொள்ளலாம். வறுத்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப வைக்காதீர்கள்.

திரும்பும்போது விமானத்தில் பேட்டரி உள்ள டாக் (டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கு ஏற்ற சிக்னலாக்கும் கருவி), பவர் பேங்க் எல்லாம் கைப்பையில். 20,000 மில்லிஆம்ப் அவர் பவர் பேங்க் 74 வாட் அவர், விமானத்தின் நூறு வாட் அவர் எல்லைக்குள்தான். டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப்போக வேண்டாம், சாளையிலேயே இருக்கட்டும். பெட்டிமேல் "உள்ளே 230, வெளியே 110, மிக்ஸி மாட்டக் கூடாது" என்று மார்க்கரில் பெரிதாக எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் அடுத்த லீவுக்கு வருவதற்குள் பெரியம்மா மாட்டியிருப்பார்.