பிரசவத்துக்குப் பின் வலி: ஐஸா வெந்நீரா, எந்த மாத்திரை?

சுகப்பிரசவத்துக்குப் பிறகு தையல் வலி வேறு, அடிவயிற்றைப் பிசையும் வலி வேறு. ஒன்றுக்குக் கேட்பது மற்றதற்குக் கேட்காது.

தையலுக்கு முதல் நாள் ஐஸ்தான். வீக்கம் ஏறும் நேரம் அது. மெல்லிய துணியில் சுற்றி 10 முதல் 20 நிமிடம் வைத்தெடுத்து, ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். துணியில்லாமல் வைத்தால் தோல் புண்ணாகும். மரத்துப்போன இடம் என்பதால் உடனே தெரியவும் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் உட்காருவதை 24 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கலாம். அகலமான தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான தண்ணீர், 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. கிருமிநாசினி கலக்க வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். எழுந்ததும் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால், கூடவே ஒரு பாட்டில் வெதுவெதுப்பான நீரை முன்பக்கமிருந்து ஊற்றிக்கொண்டே போகலாம். நீர்த்துப்போன சிறுநீர் தையலில் அவ்வளவாக எரியாது.

அடிவயிற்று வலி, கருப்பை சுருங்குவதால் வருவது. பால் கொடுக்கும்போது, கருப்பையைச் சுருக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் சுரப்பதால் கூடும். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இன்னும் கடுமை. இதற்கு பாராசிட்டமாலைவிட ஐபுப்ரோஃபென் நன்றாகக் கேட்கும். சுருக்கத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே அது குறைக்கிறது. சாப்பிட்ட பின் 400 மி.கி., ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மருத்துவர் சொல்லாமல் நாளுக்கு 1200 மி.கி.யைத் தாண்டக்கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வந்த அனுபவம், கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்த அழுத்தம் இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. அவர்களுக்கு பாராசிட்டமால்: 500 முதல் 1000 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 கிராமுக்குள். 50 கிலோவுக்குக் குறைவான எடை என்றால் அளவும் குறையும். சளி, காய்ச்சல் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். தெரியாமலே அளவு இரட்டிப்பாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டும் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவை. ஒன்று மட்டும் போதாவிட்டால் சேர்த்தும் எடுக்கலாம், வேலை செய்யும் விதம் வேறு. கோடீன் என்ற வலி மருந்து அப்படியல்ல. சிலரின் உடல் அதை வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். அது பால் வழியே குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம். மலச்சிக்கலும் வரும், தையலோடு முக்குவது தனி வேதனை.

நாளாக ஆக வலி ஏறினால், 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், துர்நாற்றம் வீசினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் மாத்திரையை மாற்றிப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.