வால்வ் பாடி ரிப்பேரா, முழு கியர்பாக்ஸ் மாற்றமா?

ஆட்டோமேட்டிக் எஸ்யூவி 'டி'யில் போட்டதும் ஒரு நொடி தயங்கி, டக்கென்று இடித்துக் கிளம்புகிறதா? "பாக்ஸையே மாத்திடுங்க சார்" என்று பட்டறையில் சொல்லக்கூடும். சரி, அதற்கு முன் வால்வ் பாடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த கிளட்சுக்கு எப்போது ஆயில் அழுத்தம் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். அதிலுள்ள சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சிறு வால்வ்) சிக்கினாலோ, வால்வ் ஓடும் துளை தேய்ந்தாலோ கியர் இடிக்கும், தாமதமாக விழும். பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸைக் கீழே இறக்காமலே இதைக் கழற்றிவிடலாம்; செலவு குறைவதும் அதனால்தான். ஆனால் பல மாடல்களில், மாற்றிய பிறகு ஸ்கேனரில் அடாப்டேஷன் (புதுப் பாகத்துக்கு ஏற்ப கம்ப்யூட்டரைப் பழக்குவது) செய்யாவிட்டால் புதுப் பாகமும் இடிக்கும்.

ஆயில் கறுத்து, கருகிய வாடை அடிக்கிறது, கியர்பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பேனில் துகள்கள் கிடக்கின்றன, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது என்றால் கதையே வேறு. கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கும். வால்வ் பாடிக்குக் கொடுக்கும் காசு வீண். அப்போதும் ஆயில் கூலரைச் சுத்தம் செய்யாமல் வேறு பாக்ஸ் மாட்டினால், பழைய துகள்கள் அதற்குள்ளும் போகும்.

ஸ்கேனரில் பி0700 (P0700) என்ற கோளாறு எண் மட்டும் வந்தால் எதையும் முடிவு செய்ய முடியாது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் வேறு கோளாறு எண் பதிவாகியிருக்கிறது என்பதே அதன் பொருள். பி0750 வந்தால் ஷிஃப்ட் சோலனாய்டு 'ஏ'வைக் காட்டும். கியர் விகிதம் தவறு என்று சொல்லும் பி0730 வந்தால் கோளாறு எந்தப் பக்கமும் இருக்கலாம். முதலில் ஆயில் அளவு, அப்புறம் லைன் பிரஷர், அதாவது பம்ப் தரும் ஆயிலின் அழுத்தம், இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா கியரிலும் பிரஷர் குறைவாக இருந்தால் பம்ப்பையும் சந்தேகிக்க வேண்டும்; அது பாக்ஸை இறக்கிப் பிரிக்கிற வேலை.