கியர் இல்லாத ஸ்கூட்டரா, கியர் வண்டியா? பயத்தோடு பழகுகிறவர்களுக்கு எது நல்லது?

என் சித்தி மகள் பெரம்பூரில் இருந்து தரமணிக்கு வேலைக்குப் போகிறாள். சென்ட்ரல் வரை மின்சார ரயில், அங்கே இறங்கி பார்க் டவுனுக்கு நடை, அப்புறம் பறக்கும் ரயில். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். போன மாதம்தான் கேட்டாள்: "அக்கா, ஸ்கூட்டியில பழகட்டுமா, பைக்ல பழகட்டுமா? சாவியைக் கையில எடுத்தாலே நடுங்குது."

யாரைக் கேட்டாலும் "ஸ்கூட்டிதான் ஈஸி" என்பார்கள். நான் 31 வயதில், அண்ணனின் பழைய ஸ்பிளெண்டரில் பழகினேன். அதற்குப் பிறகு ஆறு வருடமாக ஆக்டிவா ஓட்டுகிறேன். இரண்டையும் ஓட்டிய பிறகு சொல்கிறேன்: பயம் இருப்பவர்கள் பழகுவதற்கு நூறு சிசி கியர் வண்டிதான் நல்லது. தினசரி ஓட்ட ஸ்கூட்டர் வாங்குவது வேறு கேள்வி.

ஸ்கூட்டருக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வடபழனி சிக்னலில் பத்தடி நகர்ந்து, நின்று, மறுபடி பத்தடி நகரும்போது கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை மணிக்கட்டு வலிக்கும். ஸ்கூட்டரில் அந்த வேலையே இல்லை. கால் வைக்கும் இடத்தில் காய்கறிப் பை வைக்கலாம். சேலையோ சுடிதாரோ, ஏறி இறங்குவது சுலபம். (துப்பட்டாவை மட்டும் எந்த வண்டியிலும் பின்னால் தொங்க விடாதீர்கள். இழுத்துக் கட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.) ஆக்டிவா சுமார் 106 கிலோ, ஸ்பிளெண்டர் 112 கிலோ. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் பயந்துபோகும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. திடீரென்று ஒரு நாய் குறுக்கே வருகிறது என்று வையுங்கள். பயந்தவர் கை என்ன செய்யும்? இறுக்கிப் பிடிக்கும். ஸ்கூட்டரில் வலது கையில்தான் ஆக்சிலேட்டர், அதே கையில்தான் முன் பிரேக். புதிதாகப் பழகுகிறவர் பிரேக்கைப் பிடிக்கும் பதற்றத்தில் ஆக்சிலேட்டரையும் சேர்த்து முறுக்கிவிடுவார். வண்டி நிற்பதற்குப் பதில் பாயும். தெருமுனையில் ஸ்கூட்டர் சுவரில் போய் முட்டிய கதை எல்லாப் பேட்டையிலும் ஒன்றாவது இருக்கும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

கியர் வண்டியிலும் வலது கை அதே தப்பைச் செய்யும். ஆனால் இடது கையில் கிளட்ச் இருக்கிறது. பயத்தில் இரண்டு கையும் இறுகினால் கிளட்சும் சேர்ந்து அமுங்கும். இன்ஜின் உறுமும், சக்கரத்துக்குச் சக்தி போகாது. எனக்குத் தைரியம் வந்தது இதைப் புரிந்துகொண்ட நாளில்தான். எதுவும் தோன்றாவிட்டால் கிளட்சைப் பிடி, வண்டி அடங்கிவிடும். இந்த ஒரு வரியைத்தான் சித்தி மகளுக்கும் முதல் நாள் சொன்னேன்.

கிளட்ச் கஷ்டம், வண்டி ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும் என்பது உண்மை. முதல் வாரம் ஆகத்தான் செய்யும். அதனால் யாருக்கும் காயம் படுவதில்லை. சமதரையில் ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாமல், கிளட்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு இடத்தில் வண்டி லேசாக முன்னால் துடிக்கும். அங்கேயே கையை நிறுத்துங்கள். வண்டி நடை வேகத்தில் தானாக ஊர்ந்து போகும். மறுபடி பிடியுங்கள், நிற்கும். இதை முப்பது தடவை செய்தால் போதும், கைக்கு அந்த இடம் தெரிந்துவிடும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போடச் சொல்லும்போதும் இதே ஹாஃப் கிளட்ச்தான் காப்பாற்றும். கியர் போடும் முறை மட்டும் வண்டிக்கு வண்டி மாறும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தையும் பாருங்கள். ஸ்பிளெண்டருக்கு இரண்டும் 18 அங்குலம். ஆக்டிவாவுக்கு முன்னால் 12, பின்னால் 10. மெட்ரோவுக்காகத் தோண்டி மூடிய சாலைகளில், மழை முடிந்த டிசம்பர் பள்ளங்களில், சின்னச் சக்கரம் உள்ளே இறங்கிக் குதிக்கும். பெரிய சக்கரம் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு உருண்டு போகும். ஏற்கனவே பயத்தில் இருப்பவருக்கு அந்தக் குதிப்பு பெரிய விஷயம்.

லைசென்ஸிலும் கியர் வண்டிக்கே லாபம். கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தால் ஸ்கூட்டரும் ஓட்டலாம். கியர் இல்லாததற்கு மட்டும் எடுத்தால், பின்னால் பைக் ஓட்ட ஆசை வரும்போது மறுபடி எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்), மறுபடி டெஸ்ட். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளும் உங்களுக்குக் கிடைத்த வரம். அவசரப்படாமல் பழகுங்கள்.

புல்லட்? திருவொற்றியூரில் 1950-களில் இருந்தே தயாரான வண்டி என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். எனக்கும் உண்டு. ஆனால் புல்லட் 350 சுமார் 195 கிலோ. நிறுத்தும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் புதியவரால் தாங்கிப் பிடிக்க முடியாது. சென்னைக்குள் இருசக்கர வண்டிக்கு வேக வரம்பே 50 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30. அதற்கு நூறு சிசி தாராளம். ஒரு வருடம் போகட்டும், அப்புறம் வாங்குங்கள்.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள், முதலில் சைக்கிளில் பேலன்ஸ் பழகுங்கள். வீட்டில் எக்ஸ்எல் 100 மொபெட் இருந்தால் அதுவும் நல்ல நடுப்படி. 90 கிலோவுக்குள்தான், கியர் இல்லை, சக்கரமும் 16 அங்குலம். வீட்டில் ஸ்கூட்டர் மட்டும்தான் இருக்கிறதா? பரவாயில்லை, அதிலேயே பழகலாம். முதல் பத்து நாள் இடது கை பிரேக்கை மட்டும் பிடித்துப் பழகுங்கள். பிரேக் என்றால் இடது கை என்று பதிந்துவிட்டால், பதற்றத்தில் வலது கை முறுக்காது. இப்போது வரும் ஸ்கூட்டர்களில் இடது பிரேக்கைப் பிடித்தாலே முன் சக்கரத்திலும் ஓரளவு பிடிக்கும்.

எந்த வண்டி என்பதைவிட யார் சொல்லித்தருகிறார்கள் என்பதில் எனக்குக் கண்டிப்பு அதிகம். எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த உறவினர் பின்னால் உட்கார்ந்துகொண்டு காதருகே கத்தினார். மூன்றே நாளில் நான் வண்டியைப் பார்க்கவே பயந்தேன். எட்டு மாதம் வீணானது. பிறகு ஒரு தோழி, காலி மைதானத்தில் இருபதடி தள்ளி நின்றுகொண்டு, "உன் நேரத்துக்கு வா" என்றாள். ஒரே காலையில் செகண்ட் கியர் வந்துவிட்டது. கத்துகிறவர் கணவராக இருந்தாலும் அண்ணனாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காசு கொடுத்துப் பயிற்சியாளரிடம் போவது எவ்வளவோ மேல்.

இடமும் நேரமும்: ஞாயிறு காலை ஐந்தரையில் இருந்து ஏழு. தலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், மைதானத்துக்குள்ளும்கூட. முதல் இரண்டு வாரம் மைதானம், அப்புறம் உள்தெரு, அப்புறம் பஸ் போகும் சாலை. அக்டோபரில் மழை தொடங்கிவிட்டால், தண்ணீர் தேங்கிய சாலையில் இறங்கவே வேண்டாம், அடியில் என்ன பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் ஈரத்தில் வழுக்கும். அதன் மேல் பிரேக் பிடிக்காமல், திரும்பாமல், நேராக மெதுவாகக் கடந்துவிடுங்கள்.

சித்தி மகள் ஸ்பிளெண்டரைத்தான் எடுத்தாள். போன ஞாயிறு முதல் முறையாக அயனாவரம் சிக்னல் வரை வந்தாள். நான் என் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். பச்சை விழுந்ததும் அவள் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிளட்சைப் பிடித்தாள், நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள், ஸ்டார்ட் செய்தாள், கியர் போட்டாள், போய்விட்டாள்.