உன்னதப்பாட்டின் ஆடுகளும் கோபுரங்களும்: ஒரு பதிப்பைப் பற்றி

கூந்தல் கீலேயாத் மலையிலிருந்து இறங்குகிற வெள்ளாட்டு மந்தை, மூக்கு தமஸ்குவைப் பார்த்து நிற்கிற லீபனோன் கோபுரம், வயிறு லீலிப் பூக்கள் சூழ்ந்த கோதுமை அம்பாரம். காதலனும் காதலியும் மாறி மாறிப் பாடுகிற பைபிள் நூலான உன்னதப்பாட்டை (கத்தோலிக்கர்களுக்கு இனிமைமிகு பாடல்) முதல்முறை படிக்கிறவர்கள் இந்த இடங்களில் சிரித்துவிடுவார்கள். ஏரியல் பிளாக், ஹானா பிளாக் இருவரும் 1995இல் கொண்டுவந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கலாமா என்று கேட்டால், அந்தச் சிரிப்பு எப்படி அடங்குகிறது என்று பார்க்கவாவது வாங்குங்கள் என்பேன்.

ஏரியல் எபிரேயம் போன்ற செமிட்டிய மொழிகளின் பேராசிரியராக இருந்தவர், ஹானா கவிஞர். ஒரு பக்கம் எபிரேயம், எதிர்ப்பக்கம் ஆங்கிலம், முன்னால் நீண்ட முன்னுரை, பின்னால் வரிக்கு வரி விளக்கக் குறிப்புகள், கடைசியில் பைபிள் இலக்கிய ஆய்வாளர் ராபர்ட் ஆல்டரின் கட்டுரை ஒன்று. மொத்தமே எட்டு அதிகாரம், 117 வசனம்தான், ஆனால் அவசரமாகப் படித்து முடிக்கிற புத்தகம் இல்லை.

உவமைகளை ஓவியமாகப் பார்ப்பதில்தான் சிக்கலே. ஒரு ஆட்டைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூடாது. கறுப்பு ஆடுகள் மந்தையாகச் சரிவில் இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் மலையே நெளிகிற மாதிரி இருக்கும், கூந்தலுக்குச் சொன்னது அந்த அசைவைத்தான். பற்களும் அப்படித்தான்: மயிர் கத்தரித்து, குளித்துக் கரையேறிய ஆடுகள், ஒவ்வொன்றுக்கும் இரட்டைக்குட்டி, அதாவது மேலும் கீழும் ஜோடி ஜோடியாக, ஒன்றுகூட விழாமல். பல் மருத்துவர் இல்லாத காலத்தில் இது சாதாரணப் புகழ்ச்சியா என்ன! கழுத்து ஆயிரம் கேடயம் தொங்குகிற தாவீதின் கோபுரம், அவளோ கொடி பிடித்த படைபோல் பயங்கரமானவள். இதில் கொடியிடை, பூப்போன்றவள் என்கிற பேச்சே இல்லை. அப்புறம், அவளும் அவனை விடுவதில்லை. ஐந்தாம் அதிகாரத்தில் தலை தங்கம், கால்கள் பளிங்குத் தூண்கள் என்று தலையிலிருந்து கால்வரை வர்ணித்துத் தள்ளுகிறாள்.

எனக்கு மிகவும் பிடித்தது தோட்டம். ஆரம்பத்திலேயே அவள் “என் சொந்தத் திராட்சைத் தோட்டத்தை நான் காக்கவில்லை” என்கிறாள். விவசாயம் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். நாலாம் அதிகாரத்தில் அவன் அவளையே பூட்டிய தோட்டம் என்கிறான், மாதுளை, மருதோன்றி, நளதம், வெள்ளைப்போளம் என்று பழமும் வாசனையுமாக அடுக்குகிறான். அவள் வாடைக்காற்றையும் தென்றலையும் கூப்பிட்டு என் தோட்டத்தில் வீசு என்கிறாள், அவன் வருகிறான், தேனும் பாலும் உண்கிறான். எங்கே தோட்டம் முடிந்து எங்கே பெண் தொடங்குகிறாள் என்று கோடு கிழிக்கவே முடியாது, ஆல்டரின் கட்டுரை இந்தக் கலப்பை அழகாகக் காட்டுகிறது.

குறையும் உண்டு. இந்தப் பாட்டைக் கடவுளுக்கும் இஸ்ரவேலுக்கும், கிறிஸ்துவுக்கும் சபைக்குமான காதலாகப் படித்த நீண்ட மரபுக்கு இங்கே போதிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பழங்கால யூத அறிஞர் ரபி அக்கீவா இதை மகா பரிசுத்தமானது என்றார். இடைக்காலக் கிறிஸ்தவத் துறவி கிளேர்வோ பெர்னார்து இதைப் பற்றி 86 பிரசங்கம் செய்தும் மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தைத் தாண்டவில்லை. அவர்களும் இதே தோட்டத்தில்தானே சுற்றினார்கள். இன்னொன்று, குறிப்புகளில் எபிரேய இலக்கணம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது, அந்த மொழி தெரியாதவர்கள் அங்கே தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

அகப்பாடல் படித்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு தகவல்: ஹாயிம் ராபின் என்ற எபிரேய அறிஞர் 1970களிலேயே உன்னதப்பாட்டையும் சங்கக் கவிதையையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறார். பழந்தமிழ் நாட்டோடு இருந்த வணிகம் வழியாக வந்த தாக்கம் என்கிற அவர் வாதத்தை நான் முழுசாக நம்பவில்லை, ஆனால் பெண் குரலே முன்னால் நிற்பது இரண்டிலும் உண்மை. இந்தப் பதிப்பை வாங்கினால் தமிழ் பைபிளையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, முன்னுரையை விட்டுவிட்டு நேராக நாலாம் அதிகாரத்தில் தொடங்குங்கள்.