செக்‌ஷன் 8 வவுச்சரா, அரசுக் குடியிருப்பா, வரிச்சலுகைக் கட்டடமா: அமெரிக்காவில் எந்த வரிசையில் நிற்பது?

அமெரிக்காவில் வாடகை உதவி என்பது, தகுதி இருந்தால் தானாகக் கையில் வரும் உரிமை அல்ல. நாடாளுமன்றம் ஒதுக்கும் பணம் எவ்வளவோ அவ்வளவு பேருக்குத்தான் உதவி. தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கே அது எட்டுகிறது, மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசைகள் பல. ஒன்றில் பெயர் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. எது சீக்கிரம் நகரும் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பிறகு சிக்குகிறார்கள். வரிசையின் முடிவில் என்ன கிடைக்கிறது, வருமானம் குறைந்தால் அந்த உதவி கூடவே இறங்கி வருமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். கழிவுகள் போக மாதம் 2,000 டாலர் வருமானமுள்ள குடும்பம். அந்த ஊரில் அவர்களுக்கு வவுச்சர் (தனியார் வீட்டு வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் உதவிச் சீட்டு) ஏற்கும் வாடகையின் உச்ச அளவு 1,800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 1,800 டாலர் வாடகை வீட்டில் (மின்சாரம், எரிவாயு உட்பட) குடும்பம் தருவது வருமானத்தில் 30 சதவீதம், அதாவது 600 டாலர். மீதியை ஹவுசிங் அத்தாரிட்டி (உள்ளூர் வீட்டுவசதி வாரியம்) வீட்டுக்காரருக்கு நேரடியாகச் செலுத்தும். வரிச்சலுகைக் கட்டடத்தில் (வரிச்சலுகை பெற்றுக் குறைந்த வாடகைக்கு விடும் கட்டடம்) அதே அளவு வீட்டுக்கு 1,300 டாலர் என்றால், முழு 1,300-ஐயும் குடும்பமே கட்ட வேண்டும். வேலை நேரம் குறைந்து வருமானம் 1,200 ஆனால் வவுச்சர் குடும்பத்தின் பங்கு 360-க்கு இறங்கும். வரிச்சலுகைக் கட்டடத்திலோ அதே 1,300தான்.

வவுச்சர்: நீண்ட வரிசை, கூடவே வரும் உதவி

செக்‌ஷன் 8 வவுச்சர் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர் கொண்டது. வருமானம் வட்டார இடைநிலையில் (அந்த வட்டாரக் குடும்பங்களை வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) பாதிக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஓர் ஆண்டில் புதிதாகச் சேர்ப்பவர்களில் 75 சதவீதம் பேர் மிகக் குறைந்த வருமானப் பிரிவில், அதாவது பொதுவாக 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே 45 சதவீதத்தில் இருப்பவர் தகுதியுள்ளவர்தான் என்றாலும் நடைமுறையில் பின்னுக்குத் தள்ளப்படுவார்.

பட்டியல் திறப்பதே அரிது. நியூயார்க் நகரம் 2009 டிசம்பரில் மூடிய பட்டியலை 2024 ஜூனில்தான் திறந்தது, அதுவும் ஒரே ஒரு வாரம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் இரண்டு லட்சம் பேருக்கு இடம் கிடைத்தது. அது பட்டியலில் இடம் மட்டுமே, வவுச்சர் அல்ல. குலுக்கல் முறை உள்ள ஊரில் முதல் நிமிடம் விண்ணப்பித்தவரும் கடைசி நாள் விண்ணப்பித்தவரும் ஒன்றுதான். தேதி, நேர வரிசைப்படி எடுக்கும் ஊரில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அறிவிப்பில் இதை முதலில் பாருங்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு விண்ணப்பம் போட்டால் இரண்டுமே தள்ளப்படலாம்.

அந்த ஊரில் குடியிருப்பவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று ஹவுசிங் அத்தாரிட்டி சொல்ல முடியாது, முன்னுரிமை மட்டுமே தரலாம். அந்த முன்னுரிமையை அங்கே வேலை செய்பவருக்கும், வேலை கிடைத்துச் சேரவிருப்பவருக்கும் தர வேண்டும். இது பலருக்குத் தெரியாமல் போகிறது. பக்கத்து ஊரில் வேலை பார்ப்பவர் அங்கேயும் விண்ணப்பித்து, முன்னுரிமையையும் கேட்டு வாங்க வேண்டும். வவுச்சர் கிடைத்த பிறகு அதை வேறு ஊருக்கு மாற்றலாமே என்று நினைத்துத் தொலைவில் விண்ணப்பித்தால் ஒரு தடை உண்டு: விண்ணப்பித்தபோது அந்த எல்லைக்குள் வசிக்காதவரை முதல் 12 மாதம் அங்கேயே இருக்கும்படி ஹவுசிங் அத்தாரிட்டி சொல்லலாம்.

வவுச்சர் கைக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. வீடு தேடக் குறைந்தது 60 நாள் தருவார்கள். நீட்டிப்பு கேட்டால்தான் கிடைக்கும், அதையும் கெடு முடிவதற்குள் எழுத்தில் கேட்க வேண்டும். பிடித்த வீட்டின் வாடகை உச்ச அளவைத் தாண்டினால், முதல் ஒப்பந்தத்தில் குடும்பத்தின் பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தை மீறக் கூடாது. மேலே சொன்ன குடும்பம் 2,000 டாலர் வீட்டை எடுக்கலாம், ஏனென்றால் 600 உடன் 200 சேர்ந்து 800, சரியாக 40 சதவீதம். 2,050 டாலர் வீட்டுக்கு அனுமதி கிடைக்காது, மீதியைக் கையிலிருந்து தருகிறேன் என்றாலும் சரி. முன்பணத்தைப் பொதுவாக வவுச்சர் தராது. நியூ ஜெர்சி, கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் வவுச்சரைக் காரணம் காட்டி வீடு மறுப்பது சட்டவிரோதம். டெக்சாஸில் அந்தப் பாதுகாப்பு இல்லை, எனவே அங்கே தேடும் நாட்கள் இன்னும் இறுக்கமானவை.

அரசுக் குடியிருப்பும் கட்டடத்தோடு ஒட்டிய உதவியும்

ஹவுசிங் அத்தாரிட்டியே நடத்தும் அரசுக் குடியிருப்பில் வருமான வரம்பு தளர்வு, வட்டார இடைநிலையில் 80 சதவீதம் வரை. வாடகை பெரும்பாலும் அதே 30 சதவீதக் கணக்கு. வெளியேறினால் உதவி அங்கேயே நின்றுவிடும். எத்தனை முறை வீட்டை மறுக்கலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் ஒரு மறுப்புக்கே பட்டியலின் அடிக்குத் தள்ளுவார்கள். விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் கவனிக்கப்படாதது, கட்டடத்தோடு இணைத்த வவுச்சர், அதாவது குறிப்பிட்ட கட்டடத்து வீட்டில் குடியிருப்பவருக்கே கிடைக்கும் வவுச்சர் உதவி. பெரும்பாலானோருக்கு இதுவே நல்ல வழி என்பது எங்கள் கணிப்பு. வாடகைக் கணக்கு சாதாரண வவுச்சர் போலவே. வீடு தேடி அலைய வேண்டியதில்லை. ஓர் ஆண்டு குடியிருந்த பிறகு, அங்கிருந்து நகரக் கூடிய வவுச்சரைக் கேட்கலாம், அடுத்து வருவதில் முன்னுரிமை கிடைக்கும். இங்கே நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: ஆண்டு முடியும் முன் காலி செய்வது, அல்லது வவுச்சரைக் கேட்காமலே வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பது. இரண்டிலும் அந்த உரிமை போய்விடும். இந்த வகை வீட்டை வேண்டாம் என்று மறுத்ததற்காகச் சாதாரண வவுச்சர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க விதி இடம் தருவதில்லை.

தனியார் கட்டடங்களோடு மத்திய வீட்டுவசதித் துறையே ஒப்பந்தம் செய்திருக்கும் வீடுகள் வேறு. அவற்றுக்கு ஹவுசிங் அத்தாரிட்டியில் வரிசை கிடையாது. ஒவ்வொரு கட்டட அலுவலகத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிரீன் கார்டில் வந்து தனியே வசிக்க விரும்பும் 62 வயது கடந்த பெற்றோருக்கு செக்‌ஷன் 202 முதியோர் குடியிருப்பு இந்த வழியில்தான் கிடைக்கும். படுக்கையறை எண்ணிக்கைக்கேற்பப் பட்டியல் பிரிவதால், எந்த அளவு வீட்டுக்குப் பதிவானீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

வரிச்சலுகைக் கட்டடம்

1986-இல் வந்த திட்டம். வரம்பு பெரும்பாலும் வட்டார இடைநிலையில் 60 சதவீதம். அதற்குள் இருந்தால் மட்டும் போதாது: பல கட்டடங்கள் குறைந்தபட்ச வருமானமும் கேட்கின்றன. வவுச்சர் இருப்பவரை வவுச்சருக்காகவே மறுக்க முடியாது என்பது இதன் பெரிய பலம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு செக்‌ஷன் 8-ம் அரசுக் குடியிருப்பும் கிடையாது, ஆனால் வரிச்சலுகைச் சட்டம் குடியுரிமை நிலையைக் கேட்பதில்லை. வீட்டில் உள்ள அனைவரும் முழுநேர மாணவர்கள் என்றால் சாதாரணமாக அனுமதி இல்லை. சேர்ந்து வரித் தாக்கல் செய்யத் தகுதியுள்ள தம்பதிக்கு விலக்கு உண்டு. குடியேறிய பின் சம்பளம் கூடினால் அதற்காகவே வெளியேற்றுவது வழக்கமில்லை. வவுச்சரில் அப்படியல்ல: வாடகை முழுவதையும் நீங்களே கட்டும் நிலை வந்து 180 நாள் ஆனால் உதவி முடிந்துவிடும்.

நிலையான வேலையும் 50 முதல் 60 சதவீத வருமானமும் உள்ளவர் இதை முதலில் பிடிக்கலாம். வருமானம் ஏறி இறங்குபவர் இங்கே குடியேறினாலும் மற்ற வரிசைகளை விடக் கூடாது. வேறு உதவியோடு வசிப்பதைக் காரணம் காட்டி வவுச்சர் பட்டியலில் சேர்க்க மறுக்க முடியாது. ஒரு நுணுக்கம்: வீடற்றவர் என்ற முன்னுரிமையில் மேலே ஏறியவருக்கு, அழைப்பு வரும் நாளில் அந்த நிலை சரிபார்க்கப்படும். இடையில் வீடு கிடைத்திருந்தால் முன்னுரிமை போகலாம், வரிசையில் இடம் போகாது.

பெயரைக் காப்பாற்றுவது

பலர் பட்டியலிலிருந்து விழுவது தகுதிக் குறைவால் அல்ல, கடிதத்துக்குப் பதில் தராததால். ஹவுசிங் அத்தாரிட்டிகள் அவ்வப்போது இன்னும் உதவி வேண்டுமா என்று கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பும். கெடுவுக்குள் பதில் இல்லையென்றால் பெயர் நீங்கும். முகவரி, தொலைபேசி, பிறப்பு, திருமணம், பிரிவு எல்லாவற்றையும் ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும். ஒரே நோட்டில் பட்டியலின் பெயர், உறுதி எண், விண்ணப்பித்த தேதி, கடைசியாகத் தகவல் புதுப்பித்த தேதி என நான்கு பத்தி போட்டு வையுங்கள். வவுச்சர் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பட்டியலில் முன்னே ஏற்றுகிறேன் என்று பணம் கேட்பவர் ஏமாற்றுபவர். வரிச்சலுகைக் கட்டட அலுவலகங்கள் பின்னணிச் சோதனைக்குக் கட்டணம் கேட்கலாம்.

பெயர் நீங்கிவிட்டால் கடிதத்தில் உள்ள கெடுவுக்குள் எழுத்து மூலம் மறுபரிசீலனை கேளுங்கள். பதில் தர முடியாததற்கு உடல் அல்லது மனநலக் குறைபாடு காரணம் என்றால், மருத்துவர் சான்றோடு அதைத் தெளிவாக எழுதுங்கள். அந்த நிலையில் வவுச்சர் பட்டியலில் பழைய இடத்தையே திருப்பித் தர வேண்டும் என்பது விதி.