தொலைவில் ஒரு தொலைநோக்கி: மூன்று ஆண்டுக்குப் பிறகு

வீட்டு மாடியில் வானத்தின் இருளை அளந்தால் சதுர வில்நொடிக்கு (வானத்தின் மிகச் சிறிய ஒரு சதுரத்துக்கு) 18 மேக்னிட்யூட் காட்டும். இந்த எண் கூடக் கூட வானம் இருட்டு. என் தொலைநோக்கி இப்போது இருக்கும் இடத்தில், நிலவில்லாத இரவில், 21.5. மூன்றரைதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இது மடக்கை அளவு. கணக்குப் போட்டால் அங்கே வானத்தின் வெளிச்சம் 25 மடங்கு குறைவு. மங்கலான ஒரு விண்மீன் மண்டலத்தை அங்கே ஒரு மணி நேரம் படம் எடுத்தால் கிடைப்பது, மாடியில் 25 மணி நேரம் எடுத்தால்தான் வரும். இதற்காகத்தான் நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு சிறிய ஆய்வகம் கட்டி, வீட்டிலிருந்தே இயக்கி வருகிறேன்.

தொலைநோக்கியும் கேமராவும் முதல் நாள்போலவே இன்றும் உழைக்கின்றன. 530 மி.மீ. குவியத்தூரம், 3.76 மைக்ரான் பிக்சல். அவ்வளவு போதும். சொல்ல வேண்டியது கூரையைப் பற்றி.

அடிவானம் வரை தெரிய வேண்டும் என்ற ஆசையில் சுவரைத் தாழ்வாகக் கட்டிவிட்டேன். அதனால் தொலைநோக்கி பார்க் ஆகி, அதாவது ஓய்வு நிலைக்குத் திரும்பி, படுத்திருந்தால்தான் நகரும் கூரை இடிக்காமல் மூடும். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்டின் யுஎஸ்பி இணைப்பு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் தூறல். மழை சென்சார் மூடச் சொன்னது. பார்க் சென்சார் கூடாது என்றது. கூரை நின்றுவிட்டது. கண்காணிப்புக் கேமராவில், அகச்சிவப்பு வெளிச்சத்தில், துளிகள் வெள்ளைக் கோடுகளாக லென்ஸ்மேல் இறங்குவது தெரிந்தது. மவுண்ட்டுக்கு மின்சாரத்தை நிறுத்தி, திரும்பக் கொடுத்து, படுக்க வைத்து, கூரையை மூட 11 நிமிடம் ஆனது. அன்று நான் தூங்கவில்லை.

அடுத்த வாரமே போய், தொலைநோக்கியைத் தாங்கும் இரும்புத் தூணில் 30 செ.மீ. அறுத்தெடுத்தேன். இப்போது தொலைநோக்கி எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் கூரை மூடும். சுவர் அடிவானத்திலிருந்து 25 டிகிரி உயரம் வரை மறைக்கிறது. அதில் எனக்கு இழப்பே இல்லை. 30 டிகிரி உயரத்திலேயே உச்சியில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றை ஊடுருவித்தான் ஒளி வர வேண்டும். அதற்குக் கீழே எடுத்த ஒரு படத்தையும் நான் வைத்துக்கொண்டதில்லை. புதிதாகக் கட்டுபவர்கள் சுவர், தூண் உயரங்களைத் தயவுசெய்து முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மேகச் சென்சார் நம்பகமானதுதான், ஆனால் பழக வேண்டும். அது வானத்தின் வெப்பநிலையை அகச்சிவப்பில் பார்க்கிறது. தெளிந்த வானம் தரையைவிட மிகக் குளிர்ந்திருக்கும், மேகம் வந்தால் அந்த இடைவெளி குறையும். காற்றில் ஈரம் மிகுந்த மாதங்களில் தெளிந்த வானமே மேகம்போல அளவு காட்டும். பருவத்துக்கு ஒருமுறை வரம்பை மாற்றுகிறேன்.

ஒவ்வொரு கருவியின் மின்சாரத்தையும் தொலைவிலிருந்து தனித்தனியே நிறுத்திப் போட முடிவது, இதுவரை செய்த செலவுகளில் மிகப் பயனுள்ளது. இணையத்துக்குச் செம்புக் கேபிளை விட்டு ஃபைபர் இழுத்ததும் அப்படியே. அந்த வழியாக இனி மின்னல் உள்ளே வராது.

இன்னும் தீராதது பூச்சித் தொல்லை. ஒருமுறை, கூரையை அதன் எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டி, கூரை நான்கு விரற்கடை திறந்தபடி நின்றது. போன மாதம், படத்தைக் கூர்மையாக்கும் ஃபோகஸரின் திருகுமேல் குளவி மண் அப்பியிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் அரை மணி நேரம் சுரண்டினேன். அடுத்த பயணத்துக்கு நுண்வலையும் ரப்பர் பட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன்.