தடைக்காலமும் லேசிக்கும்: கடற்கரைக்காரர்களுக்கு ஓர் அனுபவக் குறிப்பு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; அந்த 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் லேசிக் போன்ற லேசர் அறுவை மூலம் கண்ணாடியைக் கழற்ற நினைக்கும் படகுத் தொழிலாளிக்கு ஆண்டில் இதைவிடத் தோதான காலம் கிடையாது. அறுவைக்கு இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும். ஆனால் அதற்குப் பிறகு நான்கு வாரம் கடல் தண்ணீர் கண்ணில் படக்கூடாது. இங்கே பல சிக்கல்கள் இந்த நான்கு வாரக் கணக்கு தப்பும்போதுதான் ஆரம்பிக்கின்றன.

நாட்டுப்படகுக்குத் தடைக்காலம் கிடையாது. அதில் போகிறவர்களும், சங்கு குளிப்பவர்களும், பாசி எடுக்கப் போகும் பெண்களும் வருமானம் இல்லாத ஒரு மாதத்தைத் தாங்களே ஒதுக்கியாக வேண்டும். வளைகுடா நாடுகளிலிருந்து முப்பது நாள் லீவில் கீழக்கரைக்கு வருகிறவர்களின் கணக்கு வேறு. கான்டாக்ட் லென்ஸ் போடும் பழக்கம் இருந்தால் அதை அங்கேயே கழற்றிவிட்டு வர வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பும், கெட்டி லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம் முன்பும் நிறுத்த வேண்டும். லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றி வைத்திருக்கும். அந்த வளைவை அளந்து லேசர் போட்டால் பவர் தப்பும். ஊருக்கு வந்து இறங்கி லென்ஸைக் கழற்றினால் லீவில் பாதி காத்திருப்பிலேயே போய்விடும்.

முழுப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போக வேண்டியிருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். கண் பாப்பாவை, அதாவது நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தை, விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள்; நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். பைக்கில் போய்த் தனியாகத் திரும்பும் திட்டம் வேண்டாம். கூட ஒருவரும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் அவசியம். வயது 18 தாண்டியிருக்க வேண்டும், 21 ஆனால் நல்லது. கடந்த ஓராண்டில் பவர் 0.5க்கு மேல் மாறியிருக்கக் கூடாது என்பதால் பழைய கண்ணாடிச் சீட்டைத் தேடி எடுத்துப் போவது உதவும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும், அந்த மாதங்களில் பவரே நிலையாக இருக்காது.

கடற்கரைக்காரர்கள் தனியாகக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் ஏறும் சதை. வெயிலும் உப்புக் காற்றும் மணலும் சேர்ந்து இதை வளர்க்கும். வலிக்காது என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் கருவிழியை ஒரு பக்கமாக இழுத்து சிலிண்டர் பவரை (திசைக்குத் திசை மாறும் பவரை) உண்டாக்குவது இதுதான். முதலில் சதையை எடுத்து, கருவிழி பழைய வடிவத்துக்கு வந்து நிலைத்தபின் அளந்தால்தான் உண்மையான பவர் தெரியும். சதையை அப்படியே விட்டுவிட்டு லேசருக்கு நாள் குறிப்பது வீண் செலவு.

அடுத்தது தடிமன். ஆலோசனை அறையில் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொல்லலாம், கூச்சம் வேண்டாம். கருவிழியின் நடுத் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஒருவருக்கு 520, பவர் மைனஸ் 4 என்று வைத்துக்கொள்வோம். லேசிக்கில் லேசர் போடுவதற்காகக் கருவிழியின் மேலே வெட்டித் திறக்கும் மெல்லிய மூடி 110. ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 மைக்ரான் வீதம் லேசர் செதுக்குவது 56. மிச்சம் 354, நல்ல இருப்பு. அதே 520 உள்ளவருக்கு மைனஸ் 8 என்றால் செதுக்குவது 112, மிச்சம் 298. அடியில் 250க்குக் குறையவே கூடாது, பலர் 300 வேண்டும் என்பார்கள். மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் ஓர் அளவு உண்டு; இந்த மைனஸ் 8 கணக்கில் அது 42க்கு மேல் போகிறது. இங்கே துணிந்தால் ஆண்டுகள் கழித்துக் கருவிழி முன்தள்ளிப் பார்வை கோணலாகலாம். இப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ்தான் பொருத்தம். கருவிழி கூம்புபோல் முன்தள்ளும் நோயின் சாயல் கருவிழி வரைபடத்தில் தெரிந்தாலும் லேசர் செய்யக் கூடாது. கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கத்தைப் பரிசோதனையில் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் இதற்காகத்தான்.

எந்த முறை என்று தேர்ந்தெடுக்கும்போது விலைப் பட்டியலைவிட அவரவர் தொழிலைப் பார்ப்பதே சரி. லேசிக்கில் மெல்லிய மூடியை விலக்கி, லேசர் போட்டு, மறுபடி மூடுவார்கள். மறுநாளே பார்வை தெளியும். ஆனால் அந்த மூடி ஓரத்தில்தான் வலுவாக ஒட்டும். நடுப்பகுதி பழைய பலத்துக்கு ஒருபோதும் திரும்புவதில்லை. ஆண்டுகள் கழித்துக்கூட பலமாக அடிபட்டால் மூடி நகரலாம். வலை இழுக்கும்போது தெறிக்கும் கயிறு, துள்ளும் மீனின் செதிள் முள், அறுந்து பாயும் தூண்டில் ஈயம் எல்லாம் அன்றாடம் உள்ள தொழிலுக்கு மூடி இல்லாத முறையே மேல் என்பது எங்கள் முடிவு.

மூடி இல்லாதது இரண்டு. பிஆர்கே முறையில் மேல்தோலை மட்டும் நீக்கி லேசர் போடுவார்கள். மூன்று நாள் நல்ல வலியும் கண்ணீரும் இருக்கும். புண்ணை மூடிவைக்கும் கட்டு லென்ஸ் நாலைந்து நாள் கண்ணில் கிடக்கும். முழுத் தெளிவு வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். பவர் அதிகமாக இருந்தால் கருவிழியில் புகைபோல் தழும்பு வரலாம், அதைத் தடுக்க மைட்டோமைசின் மருந்தை அங்கேயே சில நொடி தொட்டு வைப்பார்கள். புற ஊதாக் கதிர் அந்தப் புகையைக் கூட்டும். வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் ஒரு வெயில், காலுக்குக் கீழே வெள்ளை உப்பிலிருந்து இன்னொரு வெயில். தரையிலிருந்து வரும் கூசலைத் தொப்பி மறைக்காது. பக்கவாட்டையும் மூடும் யுவி 400 கண்ணாடியைச் சில மாதம் கழற்றாமல் போட வேண்டும். அது முடியாதென்றால் பிஆர்கே வேண்டாம்.

ஸ்மைல் முறையில் உள்ளேயே ஒரு சிறு வில்லையை வெட்டி, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கீறல் வழியே உருவி எடுப்பார்கள். பெரும்பாலும் கிட்டப்பார்வைக்கும் சிலிண்டருக்கும்தான் இது. செலவு கூட. உலர்வு ஆரம்பத்தில் லேசிக்கைவிடக் குறைவு.

அறுவை அன்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரத்துப்போகும் சொட்டு, இமை மூடாமல் பிடிக்க ஒரு கிளிப். உறிஞ்சு வளையம் கண்ணை அழுத்தும்போது சில நொடி பார்வை இருண்டுபோகும். அது முன்பே தெரிந்திருந்தால் பதற்றத்தில் தலை ஆடாது. ஆடினால் உறிஞ்சல் விட்டுப்போய்ப் பாதியில் நிறுத்த வேண்டி வரும். லேசிக், பிஆர்கேயில் முடி கருகுவது போன்ற வாடை வரும். ஆனால் எரிவது எதுவும் இல்லை. 193 நானோமீட்டர் எக்ஸைமர் கதிர் சூடாக்காமலே திசுவின் பிணைப்பை உடைத்து ஆவியாக்கும். உயிர்த் திசுவில் இப்படிச் செய்யலாம் என்று 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டவர்களில் முதன்மையானவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் சோதித்துப் பார்த்தார்.

திரும்பும் பயணம்தான் கவனம். பஸ்ஸில் ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும் இருக்கை வேண்டாம், ஜன்னலோரமும் வேண்டாம். முதல் நாள் மதுரையிலேயே தங்கி, மறுநாள் பரிசோதனையை முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது; லேசிக் மூடியில் சுருக்கம் விழுந்திருந்தால் மறுநாளே கண்டு சரிசெய்யலாம், நாள் தள்ளத் தள்ளக் கடினம். ஒரு வாரம் தூங்கும்போது பிளாஸ்டிக் மறைப்பு கட்டாயம். தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போகும்.

மருந்து மூன்று வகை. கிருமிக்கு மாக்ஸிஃப்ளாக்ஸசின், ஒரு வாரம் அளவில். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, படிப்படியாகக் குறைத்து. ஈரத்துக்குக் கண்ணீர்ச் சொட்டு, மாதக்கணக்கில். ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி விடாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். ஸ்டீராய்டு விட்டால் கண் குளுமையாக இருக்கிறதே என்று மெடிக்கலில் தானே வாங்கித் தொடர்கிறவர்கள் உண்டு. சத்தமில்லாமல் கண் அழுத்தம் ஏறும், நரம்பு போனால் திரும்பாது. சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வைத்த சொட்டு மருந்தை நம்ப வேண்டாம். திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

தலைக்குக் குளிப்பது ஒரு வாரம் கிடையாது, கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொள்ளலாம். கடல், கண்மாய், கிணறு நான்கு வாரம் கிடையாது. ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில்தான் ஊற்றுவார்கள். அக்னி தீர்த்தம், தேவிபட்டினம் நவபாஷாணம் எல்லாம் அதே கணக்குத்தான். இப்படிப்பட்ட நீரில் இருக்கும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் ஆறாத கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் வைத்தியம். கண் மையை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். கரிமூட்டம் போடும் இடத்துப் பக்கமும் தனுஷ்கோடி மணற்காற்றுப் பக்கமும் ஒரு மாதம் போகாமல் இருப்பது நல்லது. முதல் நாள் எரிச்சல் சாதாரணம். அதற்குப் பிறகு வலி கூடினாலோ, சிவந்து பீளை தள்ளினாலோ, தெளிந்த பார்வை திடீரென்று மங்கினாலோ அன்றே கிளம்ப வேண்டும். பிஆர்கே செய்தவருக்கு முதல் மூன்று நாள் வலி இதில் சேராது.

மூழ்குகிறவர்களுக்கு இன்னொன்று. கண்ணை மட்டும் மூடும் கண்ணாடியோடு ஆழம் போனால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கிக் கண்ணை வெளியே உறிஞ்சும். மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடி என்றால் மூக்கு வழியே ஊதி அதைச் சமன் செய்யலாம். அறுவைக்குப் பின் மூக்கு மூடாத கண்ணாடியோடு ஆழத்துக்கு இறங்கவே வேண்டாம்.

நீண்ட நாள் புகாரில் முதலிடம் உலர்வுக்கு. கருவிழி நரம்புகள் வெட்டுப்படுவதால் கண் காய்வதே மூளைக்குத் தெரியாது, கண்ணீரும் குறையும். முதல் மூன்று மாதம் மோசம், ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலும் சீராகும். ஆடிக் காற்றில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு அதற்குப் பிறகும் உறுத்தும். அறுவைக்கு முன்பே காகிதப் பட்டை வைத்துச் செய்யும் ஐந்து நிமிடச் சோதனையில் ஈரம் குறைவாக இருந்தவருக்கு இது நிச்சயம் தொந்தரவு. தினம் நான்கு தடவைக்கு மேல் சொட்டு தேவைப்பட்டால் பதனப்பொருள் சேராத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, இரவில் விளக்கைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம். லேசர் செதுக்கிய வட்டம் 6 அல்லது 6.5 மில்லிமீட்டர் இருக்க, இருட்டில் பாப்பா அதைவிடப் பெரிதாக விரிந்தால் ஓரத்து வெளிச்சம் சிதறும். எதிர்ப் படகின் விளக்கு பூவாய் விரிந்தால் அது எவ்வளவு தூரத்தில் வருகிறதென்று மட்டுக்கட்டுவது கடினம். சில மாதத்தில் குறையும், சிலருக்கு மிச்சம் தங்கும். இரவு பாடு (மீன்பிடிக்க) போகிறவர் பாப்பாவின் இருட்டு அளவை முன்பே எழுதி வாங்குவது நல்லது.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு கறாரான சொல். மைனஸ் 2 பவர்காரர் இன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வலைக்கண் முடிகிறார், ஊசியில் நூல் கோக்கிறார். தூரத்தில் தெரியும்படி பார்வையைச் சரிசெய்தால் அந்த வசதி போய், வலை பின்ன உட்காரும்போதெல்லாம் கிட்டக் கண்ணாடி வேண்டும். கரையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையே அதிகம் என்றால் லேசர் வேண்டாம்.

கண்ணாடி போனாலும் கிட்டப்பார்வைக் கண் கிட்டப்பார்வைக் கண்தான். நீண்ட விழிக்கோளமும் இழுபட்ட விழித்திரையும் அப்படியே இருக்கும். மைனஸ் 6க்கு மேல் இருந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்ட வேண்டும். மின்னல் வெட்டு, திடீர்ப் புள்ளிக் கூட்டம், ஓரத்தில் திரை இறங்குவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போக வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டின் பொது விலக்கில் 7.5க்குக் குறைந்த பவருக்கான பார்வைத் திருத்தம் சேரும். ஆக, பெரும்பாலானவர்களுக்குக் கைக்காசுதான். உச்சிப்புளி, மண்டபம் பக்கம் சீருடைகளைப் பார்த்து வளர்ந்து கடற்படைக்கோ கடலோரக் காவல்படைக்கோ தயாராகும் பிள்ளைகள் அந்தந்தத் தேர்வு அறிவிப்பின் மருத்துவப் பகுதியைப் படிக்காமல் கண்ணைக் கொடுக்கக் கூடாது. பிரிவுக்குப் பிரிவு விதி வேறு. செய்ததை மறைக்கவும் முடியாது, கருவிழி வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும்.

அறுவைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன், எவ்வளவு செதுக்கினார்கள் என்ற எண் எல்லாம் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். அறுபது வயதில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது வழக்கமான சூத்திரம் இந்தக் கண்ணுக்குத் தப்பாகக் கணக்குப் போடும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்தத் தாள் இருந்தால் இரண்டையும் திருத்திக்கொள்ளலாம். உப்புக் காற்றில் தாள் நமுத்துப்போகும். லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வையுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பிவையுங்கள்.